ஓலை கட்டிய மாமன்

"உங்க குடும்பத்துல மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"எந்தக் குடும்பத்த கேக்கறம்மா?" என்றார் துளசிராமன். தண்ணீர் வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார். வண்டியில் படுக்கவைத்திருந்த பீப்பாயிலிருந்து ஒரு குடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"உங்க சொந்தக் குடும்பம்."

"ஊட்ல சோறு துன்றது மூணு பேரு. நான், எங்கூட்டம்மா, பையன் ஆதிகேசவன்."

படிவத்தில் மூன்று என்று எழுதினேன்.

"எழுதிட்டியா? அத்தோட முடிஞ்சிடல. அதோ, மூணாவது கதவுல நாகம்மா கீது. என் தங்கச்சி."

"கூடப் பொறந்தவங்களா?"

"இல்ல."

"சித்தப்பா, பெரியப்பா பொண்ணா?"

"அதுவும் இல்ல. அவங்க ஆரணி. நான் இந்த ஊரு."

"அப்ப எப்படித் தங்கச்சி?"

"அது பொண்ணுக்கு நான்தான் ஓலை கட்னேன்" என்றார், அதற்கு மேல் விளக்க ஒன்றும் இல்லை என்பதுபோல. "அப்புறம் கோடி ஊட்ல ரோசம்மா. அதுவும் தங்கச்சி."

"அவங்க கிறிஸ்தவங்க இல்லையா?"

"அதுக்கு இன்னா? அவங்களுக்கு அண்ணன் இருக்கக் கூடாதா?"

குடம் நிரம்பியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அடுத்த குடத்தை வைத்த பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எம்மா, அது சொல்ல ஆரம்பிச்சா பொழுது போயிடும். இந்த லைன்ல தாலி கட்னவ எல்லாம் அதுக்குத் தங்கச்சிதான். அப்படியே எழுதிக்கினு போ."

"நீங்களுமா?"

"பின்ன? போன தையில எம்பொண்ணுக்குக் காது குத்தறப்போ யாரு மடியில ஒக்கார வெச்சேன்?"

"இதுக்கெல்லாம் இதுல கட்டம் இல்லைங்க" என்றேன்.

"இல்லன்னா ஓரமா எழுதிக்கம்மா. எடம் கீது பாரு" என்று சொல்லிவிட்டு, துளசிராமன் மாட்டைத் தட்டி அடுத்த வாசலுக்கு வண்டியை நகர்த்தினார்.

இது 1977ல் நடந்த பேச்சு. அப்போது நான் சென்னையில் சமூகவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலைகள் வந்த ஊர்களில் குடும்பம் எப்படி மாறுகிறது என்பது எங்கள் வகுப்புக்குக் கொடுத்திருந்த ஆய்வு. எனக்குக் கும்மிடிப்பூண்டி கிடைத்தது. எங்கள் வீடு திருவள்ளூரில். அப்பா கோயில் கைங்கரியத்தில் இருந்தார். நாங்கள் வாழ்ந்த தெருவில் யாருக்கு யார் என்ன உறவு என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருந்ததில்லை.

எங்கள் பாடப்புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. தொழிற்சாலை வந்தால் கூட்டுக்குடும்பம் உடையும், கணவன் மனைவி குழந்தைகள் மட்டும் மிஞ்சுவார்கள், உறவுக்காரர்கள் செய்துவந்த வேலைகளை அரசும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எடுத்துக்கொள்ளும் என்று அவை சொல்லின. முதல் பாதி சரிதான் என்பதைக் கும்மிடிப்பூண்டியில் இறங்கிய அன்றே பார்த்தேன். கம்பெனி வேலைக்கு வந்தவர்களுக்காக நிலத்துக்காரர்கள் வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். லைன் வீடுகள் என்று அவற்றுக்குப் பெயர். சேலத்துக்காரர், நெல்லூர்க்காரர், ஆரணிக்காரர் என்று பக்கத்துப் பக்கத்துக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஓர் ஆண், ஒரு பெண், இரண்டொரு குழந்தைகள்.

இரண்டாம் பாதியில்தான் இடித்தது. ஒரு பெண் வயதுக்கு வந்தால் எந்த ஆஸ்பத்திரி வந்து ஓலை கட்டும்? கணவன் கை நீட்டினால் கோபித்துக்கொண்டு போய் உட்கார எந்தக் கம்பெனி ஒரு தாய்வீட்டைக் கட்டித் தரும்? அந்த வேலைகளை அங்கே தண்ணீர் வண்டிக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒரு தவறில்தான் தொடங்கினார்.

துளசிராமனுக்கு அப்போது ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. அறுபதுகள் முழுக்க நெல் பயிரிட்டவர். அண்ணன் கலியனுக்கும் அவருக்கும் அடுத்தடுத்து நிலம். எழுபதுகளின் தொடக்கத்தில் தொழிற்பேட்டைக்காக நிலங்கள் எடுக்கப்பட்டபோது கலியன் கவரைப்பேட்டைப் பக்கம் வேறு நிலம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். துளசிராமன் போகவில்லை. வீட்டுக் கொல்லையில் அவருக்கு ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. அந்தப் பக்கத்தில் பல கிணறுகள் உப்பு. ஒரு ஜோடி மாடும் வண்டியும் இருந்தன. வண்டியில் பீப்பாயை ஏற்றி லைன் வீடுகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.

நாகம்மாள், அவள் கணவன் பரசுராமன், மகள் பவானி மூவரும் அந்த லைனுக்கு முதலில் குடிவந்தவர்களில் ஒரு குடும்பம். பரசுராமன் வேறு சாதி. நாகம்மாள் அவரைக் கட்டிக்கொண்ட நாளில், அவளுடைய அண்ணன் பச்சையப்பன் ஆரணிக் கடைத்தெருவில் நின்று "எனக்குத் தங்கச்சி கிடையாது" என்று சொல்லிவிட்டார். 1973ல் பவானி வயதுக்கு வந்தாள். பெண் தனியாக இருப்பதற்குப் பச்சைத் தென்னை ஓலையில் தாய்மாமன் ஒரு மறைப்புக் கட்டித் தர வேண்டும். நாகம்மாள் ஆரணிக்குச் சொல்லி அனுப்பினாள். பதில் வரவில்லை. தண்ணீர் ஊற்ற வந்த துளசிராமனிடம், "அண்ணே, ஓலை கிடைக்குமா?" என்று கேட்டாள். அவர் தம் கொல்லை மரத்தில் ஏறி வெட்டி, பீப்பாய்க்கு மேலே போட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னவர் அவர் மனைவி லட்சுமியம்மாள். அவர் முறத்தில் அரிசி புடைத்தபடி சொல்ல, துளசிராமன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் இடத்திலும் மறுக்கவில்லை.

"ஓலைய கொண்டும்போய்ப் போட்டுட்டு வந்துடணும் இல்ல? இது நின்னுக்கினு கீது. அங்க கட்டறதுக்கு ஆளு இல்ல. அப்பன்காரன் கட்டக் கூடாது. ஓலை வழியில கெடக்குது, வண்டி போவ முடியல. நாகம்மா உள்ள அழுவுது. இது இன்னா பண்ணுச்சி, 'வண்டி போவணும், நானே கட்டிட்டுப் போறேன்'னு கட்டிடுச்சி. ஊட்டுக்கு வந்தா நெத்தியில இம்மாம் பெரிய குங்குமம். 'இன்னாய்யா நெத்தியில?'ன்னேன். 'ஓலை கட்னேன், பொட்டு வெச்சி வெத்தல பாக்கு குடுத்தாங்க'ன்னுது. 'அறிவு கீதா உனக்கு? கொண்டாந்து போட்டா வண்டிக்காரன். கட்னா மாமன். இனிமே சீர் எடுத்துக்கினு போவணும். நாளைக்கு அவ கல்யாணத்துல கைய புடிச்சி மணையில ஒக்கார வெக்கணும். நம்ம ஆதிக்கு அவ முறைப்பொண்ணு ஆயிட்டா, தெரியுமா?'ன்னு கேட்டேன். 'அவனுக்கு இன்னும் மீசையே மொளைக்கல'ன்னுது. 'மீசைக்கு முன்னாடி முறை வந்துடுச்சி போ'ன்னேன்."

"அவுத்துட்டு வரட்டான்னு கேட்டேன் இல்ல, அதையும் சொல்லு" என்றார் துளசிராமன்.

"கேட்டுச்சி. மாமன் கட்ன ஓலைய மாமனே அவுத்தா அந்தப் பொண்ணு கதி இன்னா? 'ஒக்காரு, தட்டுல இன்னா வெக்கறதுன்னு பாக்கலாம்'னேன்."

கொல்லையில் இருந்த வாழைத்தாரை வெட்டினார்கள். மஞ்சள், வளையல், ஒரு பாவாடைத் துணி. சடங்கு அன்று கணவனும் மனைவியும் மகனும் ஆளுக்கொரு தட்டுடன் லைனுக்கு நடந்து போனார்கள். நாகம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். தட்டுகளைப் பார்த்ததும் ஓடிவந்து லட்சுமியம்மாளின் காலில் விழுந்து "அண்ணி" என்றாள். லைன் முழுவதும் அதைப் பார்த்தது.

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்கள். ஊரை விட்டு வந்தவர்கள், ஊரால் விடப்பட்டவர்கள். குழந்தைக்குக் காது குத்த வேண்டும், மடி தருகிறீர்களா. பெண் பெரியவளாகிவிட்டாள், ஓலை கட்ட வருகிறீர்களா. துளசிராமன் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "கூடப் பொறந்தவன் இருக்கானா? இருந்தா கடுதாசி போடு. வர்றவன் எடத்துல நான் ஒக்கார மாட்டேன்." வரமாட்டான் என்று உறுதியானால்தான் போவார். போய்விட்டால் அதோடு விடமாட்டார். அந்த வீட்டுக்குத் தீபாவளிக்கு ஒரு சீப்புப் பழமாவது போகும். அந்த வீட்டில் சண்டை வந்தால் சத்தம் அவர் காதுக்கு வரும்.

ரோசம்மாள் விஷயத்தை நானே கண்ணால் பார்த்தேன். அவள் கணவன் ஜோசப் நல்ல வேலைக்காரன். சம்பள நாளில் மட்டும் வேறு ஆள். அப்படி ஒரு நாளுக்கு மறுநாள் ரோசம்மாள் குழந்தையையும் துணிப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு துளசிராமன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் பெட்டியை மூலையில் வைத்துவிட்டு நேராகப் போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து தேங்காய் துருவத் தொடங்கினாள். லட்சுமியம்மாள் அவள் கன்னத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜோசப் வந்தான். தலை வாரி, சட்டை மாற்றி, வாசலில் நின்றான்.

"வா மச்சான்" என்றார் துளசிராமன். "கால் கழுவிக்கினு வா. எல போட்டாச்சி."

"இல்ல மச்சான், நான் ரோசாவ இட்டுக்கினு போலாம்னு..."

"மொதல்ல சாப்டு. அப்புறம் திட்றேன்."

"இப்பவே திட்டிடுங்க."

"தங்கச்சி புருஷன் வெறும் வயித்தோட நிக்கறப்போ திட்டக் கூடாது. ஒக்காரு."

ஜோசப் உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். லட்சுமியம்மாள் வேண்டுமென்றே மறுபடி மறுபடி பரிமாறினார். கை கழுவியதும் துளசிராமன் அவனைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. குரல் உயரவில்லை. திரும்பி வந்தபோது ஜோசப்பின் கண் சிவந்திருந்தது. ரோசம்மாள் உடனே கிளம்பிவிடவில்லை. "நாளைக்கு வரேன், போய் ஊட்ட பெருக்கி வையி" என்று சொல்லி அனுப்பினாள். அப்படிச் சொல்லும் தைரியம் ஒரு பெண்ணுக்கு எங்கிருந்து வருகிறது என்று நான் அந்த வாசலில் உட்கார்ந்தபடி யோசித்தேன். போக இன்னொரு வீடு இருக்கிறது என்பதிலிருந்துதான். ரோசம்மாளை ஜோசப் மறுபடி அடித்ததாக நான் கேள்விப்படவில்லை.

படிப்பு முடிந்ததும் அதே துறையில் எனக்கு ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்தது. கூடூர் பாசஞ்சரில் கும்மிடிப்பூண்டிக்குப் போய்வருவது தொடர்ந்தது. ஞாயிறுகளில் லட்சுமியம்மாள் எனக்கும் சேர்த்துச் சமைப்பார்.

இதற்குள் ஆதிகேசவனுக்கு மீசை முளைத்து, ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலையும் கிடைத்திருந்தது. லைனில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மாப்ள" தான். அவன் அப்பா அத்தனை வீடுகளுக்கு மாமன் என்றால், அத்தனை வீட்டுப் பெண்களும் அவனுக்கு முறைப்பெண்கள். டீக்கடையில் இது நிரந்தரமான வேடிக்கை. "துளசிராமன் சும்மாவா ஓலை கட்டறாரு? லைன் பூரா பொண்ணு ரிசர்வ் பண்ணி வெச்சிக்கினு கீறாரு." துளசிராமனும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தப் பெண்கள் எல்லோரிலும் ஆதிகேசவன் பார்த்தது பவானி ஒருத்தியைத்தான். அவளும் அவனைப் பார்த்தாள். பத்தாவது முடித்துவிட்டுத் தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். கேலி பேசி வளர்த்ததே லைன்தான் என்பதால் யாருக்கும் இது ஆச்சரியமாக இல்லை. பவானியின் அப்பா பரசுராமன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அவர் எப்போதுமே அதிகம் பேசாதவர்.

1979 ஆனி மாதத்தில் பச்சையப்பன் வந்தார்.

தங்கை இல்லை என்று கடைத்தெருவில் சொன்னவர், பழத்தட்டும் பூவும் எடுத்துக்கொண்டு அவளுடைய ஒற்றை அறை வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. நாகம்மாள் அவரைப் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதாகவும், "அண்ணே" என்று சொல்ல வாய் வரவில்லை என்றும் சொன்னார்கள். அவர் இரண்டு நாள் தங்கினார். தங்கை மகளைத் தம் மகனுக்குக் கேட்டார். "தாய்மாமன் நான் இருக்கறப்போ வெளிய பாக்கறது மொறையில்ல" என்றார்.

அன்று ஞாயிறு. நான் லட்சுமியம்மாளோடு இருந்தேன். செய்தி வந்ததும் அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"போ. போய்க் கேளு" என்றார் கணவனிடம். "ஆறு வருஷமா மாமன் சீர் செஞ்சது யாரு? நீ கட்ன ஓலைக்கு வாயி இல்லியா?"

துளசிராமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு முறை கீது. சபையில சொன்னா யாரும் மறுக்க முடியாது."

"அதான்" என்றார் அவர்.

"இன்னா அதான்?"

"மறுக்க முடியாது. அதான் சொல்ல முடியல. இப்ப நான் போயி, ஓலை கட்னேன், பொண்ணக் குடுன்னு நின்னா, டீக்கடையில சொல்லிக்கினு இருந்தது நெசமாயிடும். அப்புறம் எந்த ஊட்ல போயி நான் மடி குடுக்கறது? ரோசம்மா நாளைக்கு எந்த நம்பிக்கையில பொட்டிய தூக்கிக்கினு இங்க வரும்?"

"ஊரு நம்பிக்கை இருக்கட்டும். பெத்த புள்ள மூஞ்சிய பாரு."

ஆதிகேசவன் சுவரோரமாக உட்கார்ந்து சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. துளசிராமன் மகனை நெடுநேரம் பார்த்தார். வாய் திறந்தால் லைனில் அவர் பெயர் போகும். திறக்காவிட்டால் மகனுக்கு அந்தப் பெண் இல்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. நான் ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டேன்.

காலையில் வழக்கம்போல் வண்டி பூட்டினார். லட்சுமியம்மாள் பின்னாலேயே கிளம்பினார். என் கையைப் பிடித்து, "நீயும் வா வைஜயந்திம்மா. படிச்ச பொண்ணு கூட நின்னா நான் வாய அடக்கிக்குவேன்" என்றார்.

நாகம்மாள் வீட்டுக் குடங்களை நிரப்பிவிட்டுத் துளசிராமன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பரசுராமன் உள்ளே இருந்தார். பச்சையப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீதான் ஓலை கட்னவனா?" என்றார் பச்சையப்பன். குரலில் நயம் இல்லை.

"நான்தாண்ணே. நீ வர்ற வரைக்கும் உன் எடத்துல நின்னேன். இப்ப நீ வந்துட்டே. வர்றவன் எடத்துல நான் ஒக்கார மாட்டேன். நாளைக்கு மாப்ள யாரா இருந்தாலும், பொண்ணு கைய புடிச்சி மணையில ஒக்கார வெக்க வேண்டியது நீதான். எல்லாரும் கேட்டுக்கங்க."

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லட்சுமியம்மாளின் விரல்கள் என் கையை இறுக்கின.

"சரி" என்றார் பச்சையப்பன், எதிர்பாராமல் கிடைத்ததை என்ன செய்வது என்று தெரியாதவர்போல.

"இப்ப நான் மாமன் இல்ல" என்றார் துளசிராமன். "ஒரு பையனப் பெத்தவன். அவன் உங்க பவானிய கட்டிக்க ஆசைப்படறான். அதச் சொல்லிட்டுப் போலாம்னு நிக்கறேன்."

"முறையில்லாம பொண்ணு கேக்கறியா? இருந்த முறையையும் இப்பதானே வுட்டே?"

"முறைய வெச்சிக்கினு கேட்டா உங்களால இல்லன்னு சொல்ல முடியாதுண்ணே. இப்ப சொல்லலாம். இல்லன்னா குடத்த ரொப்பிட்டுப் போறேன். நாளைக்கும் தண்ணி வரும்."

பச்சையப்பன் தட்டைக் கீழே வைத்தார். "எந்த சாதி, இன்னா சனம்னு தெரியாத எடத்துல..."

"அண்ணே" என்றாள் நாகம்மாள். அவர் வந்த நாளிலிருந்து அவள் அவரை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. "அதப் பேசித்தானே இத்தினி வருஷம் போச்சி."

அப்போது பரசுராமன் வெளியே வந்தார். அவர் துளசிராமனையும் பார்க்கவில்லை, மைத்துனரையும் பார்க்கவில்லை. உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் பெரியவங்க. ரெண்டு பேருக்கும் நான் கடமைப்பட்டவன். நீ சொல்லு."

பவானி கதவருகில் வந்து நின்றாள். முதலில் பச்சையப்பனிடம்தான் பேசினாள். "நீங்க வந்தது அம்மாவுக்கு எவ்ளோ சந்தோசம்னு எனக்குத் தெரியும் மாமா. இனிமே வராம இருக்கக் கூடாது. என்ன மணையில ஒக்கார வெக்கறதும் நீங்கதான்." பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "ஆனா நான் ஆதியத்தான் கட்டிக்குவேன்."

துளசிராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை அடுத்த வாசலுக்கு ஓட்டினார். அங்கே குடங்கள் காத்திருந்தன.

பச்சையப்பன் மதியம் வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாராம். நாகம்மாள் இலை போட்டு எழுப்பியபோது எழுந்து சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில், "மணையில ஒக்கார வெக்கறது நான்தானே? அது மாறாது இல்ல?" என்று கேட்டார். மாறாது என்றார் பரசுராமன். கொஞ்சம் கழித்து அவர் அதையே மறுபடியும் கேட்டார். பெண்ணைக் கேட்டு வந்தவர், தங்கை வீட்டில் தமக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அத்தனை தூரம் வந்தார் என்று எனக்குத் தோன்றியது. அந்த இடத்தைத் துளசிராமன் காலையிலேயே அவருக்குக் கொடுத்துவிட்டார்.

துளசிராமனுக்கு அவருடைய பக்கத்திலிருந்துதான் அடி விழுந்தது. ஆவணியில் பெரியபாளையம் அம்மன் கோயிலில் கல்யாணம் என்று முடிவானதும் அவர் வெற்றிலைத் தட்டோடு கவரைப்பேட்டைக்கு அண்ணனை அழைக்கப் போனார். கலியன் தட்டைத் தொடவில்லை. "ஊரான் ஊட்டுக்கெல்லாம் மாமன் ஆனவன் தானே நீ? இப்ப அந்த ஊரானே வந்து நடத்தட்டும். எங்கூட்லருந்து ஒரு ஜனம் வராது" என்றார். துளசிராமன் தட்டை வாசலில் வைத்துவிட்டு நடந்தே திரும்பி வந்தார். வீட்டில் அதைப் பற்றி லட்சுமியம்மாள்தான் பேசினார். துளசிராமன் அண்ணனை ஒரு குறையும் சொல்லவில்லை.

நான் படித்த புத்தகங்களில் குடும்பம் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. ரத்தம், திருமணம், ஒரே கூரை, ஒரே அடுப்பு. அவை தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மனிதர் வழியில் கிடந்த ஓலையை எடுத்துக் கட்டிவிட்டு, கட்டியது கட்டியதுதான் என்று ஆறு வருஷம் அதற்குப் பொறுப்பாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த உரிமை தமக்கு லாபமாக மாறக்கூடிய ஒரே சமயத்தில் அதைக் கையிலிருந்து இறக்கிவைத்ததையும் பார்த்தேன். அவரைப் போன்றவர்கள் இல்லாத ஊரில் அந்த ஒற்றை அறைகள் வெறும் அறைகளாகவே இருந்திருக்கும்.

கல்யாணத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால், மாலை வண்டிக்காகக் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். துளசிராமன் நடைமேடையில் வந்துகொண்டிருந்தார். சட்டை போட்டிருந்தார். அவரைச் சட்டையோடு நான் அதிகம் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்து நின்றார். சென்னைப் பக்கம் மழை உண்டா என்று கேட்டார். மாட்டுக்கு லாடம் கட்ட வேண்டும் என்றார். சிக்னல் இறங்கிய பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"உன்ன ஒண்ணு கேக்கணும். ஊட்ல வெச்சி கேட்டா எங்கூட்டம்மா நடுவுல பூந்து உன்ன சரின்னு சொல்ல வெச்சிடும். அதான் இங்க வந்தேன்."

"சொல்லுங்க."

"தாலி கட்றப்போ ரெண்டு முடிச்சு பையன் போடுவான். மூணாவது முடிச்சு பையன் கூடப் பொறந்தவ போடணும். ஆதிக்குக் கூடப் பொறந்தவ இல்ல. எங்க அண்ணன் பொண்ணுங்க வர மாட்டாங்க. எங்கூட்டம்மா ஒண்டியாப் பொறந்தவ, அந்தப் பக்கமும் ஆளு இல்ல. லைன்ல கேக்கலாம்னு பாத்தா" என்று நிறுத்திக் கொஞ்சம் சிரித்தார், "எல்லா ஊட்டுக்கும் நான் மாமன். எல்லாப் பொண்ணும் அவனுக்கு முறைப்பொண்ணு. அக்கா தங்கச்சின்னு நிக்க ஒருத்தி இல்ல. நானே பண்ணிக்கினது."

தூரத்தில் வண்டி தெரிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு அவசரப்படாமல் தொடர்ந்தார்.

"உங்க தெருவுல இன்னா சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். மொதல்ல உங்கப்பாவக் கேளு. அவரு வேணான்னா வேணாம், நீ எப்பவும் போல ஞாயித்துக்கெழம வந்து சாப்டு, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். நீயும் முடியாதுன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லிடு. முடியும்னு தோணுச்சின்னா, பெரியபாளையத்துக்கு வந்து எம்பையனுக்கு அக்காவா நின்னு அந்த மூணாவது முடிச்ச போட்டுக் குடு கண்ணு."